உங்கள் ரத்த ரிப்போர்ட்டில் ஒளிந்திருக்கும் மனிதர்: ஆன்டிபாடியை அளக்கக் கற்றுக்கொடுத்த பால் எர்லிக்

2021 ஏப்ரல், மே. கொரோனா இரண்டாம் அலை. டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்தின் பெயர் நம்மில் பலருக்கும் அப்போதுதான் தெரிய வந்தது. எங்கே ஸ்டாக் இருக்கிறது என்று ட்விட்டரில் கேட்டோம், வாட்ஸ்அப் குரூப்களில் ஃபார்வர்டு பண்ணினோம். கள்ளச் சந்தையில் விலை எகிறியது.

அந்த மருந்து வைரஸைத் தொடவே தொடாது. நம் நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ரசாயனச் செய்திகளுக்கு சைட்டோகைன் என்று பெயர். அதில் ஒன்று இன்டர்லூகின்-6. அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ள செல்லின் மேற்பரப்பில் ஒரு ரிசப்டர் இருக்கிறது. டோசிலிசுமாப் என்பது அந்த ரிசப்டரில் போய் உட்கார்ந்துகொண்டு, செய்தி உள்ளே போகாமல் தடுக்கும் ஓர் ஆன்டிபாடி.

இதே மாதிரி ஆன்டிபாடிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டி, ஒரு துளி ரத்தத்தில் கலந்தால், எந்த செல்லில் எந்த ரிசப்டர் இருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனை நடப்பது இப்படித்தான். இன்டர்லூகின்-2 ரிசப்டரின் ஒரு பகுதியான சிடி25-ஐக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடி இன்று நோய் எதிர்ப்பியல் லேப்களின் ஃப்ரிட்ஜில் சர்வசாதாரணமாக இருக்கும் பொருள்.

இந்தச் சோதனையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: ஆன்டிபாடி, ரிசப்டர், செல்லை அடையாளம் காட்டும் சாயம். ஆச்சரியம் என்னவென்றால், இந்த மூன்றின் தொடக்கத்திலும் ஒரே ஆள் நிற்கிறார். பால் எர்லிக். ஆன்டிபாடி என்ற சொல்லின் ஜெர்மன் மூலத்தை 1891-ல் அச்சில் ஏற்றியவர். செல்லின் மேல் இருக்கும் பிடிமானத்துக்கு ரிசப்டர் என்று பெயர் வைத்தவர். அதற்கெல்லாம் முன்பே, சாயத்தை வைத்து வெள்ளை அணுக்களை வகை பிரித்தவர்.

பொதுவாக இவர் கதையை சிபிலிஸ் மருந்தில் ஆரம்பித்து மாய தோட்டாவில் முடித்துவிடுவார்கள். ஆனால் எண்களோடு மல்லுக்கட்டுவதே என் வேலை என்பதாலோ என்னவோ, இவர் வாழ்க்கையில் என்னை அதிகம் இழுப்பது வேறொரு இடம். அதற்கு வருவோம்.

சாயம் பூசிய விரல்கள்

எர்லிக் பிறந்தது 1854 மார்ச் 14, அன்றைய பிரஷ்யாவின் சைலீசியா பகுதியில் இருந்த ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில். இன்று அது போலந்தில் இருக்கிறது. யூதக் குடும்பம். அப்பா சத்திரமும் சாராய வடிப்பும் நடத்தியவர். அம்மா வழி உறவினர் கார்ல் வைகர்ட், எர்லிக்கை விட ஒன்பது வயது மூத்தவர், நோய்க்குறியியல் படித்தவர். ஜெர்மனியின் துணிச் சாயத் தொழிற்சாலைகள் புதிது புதிதாகக் கொண்டுவந்த அனிலின் சாயங்களை உடல் திசுக்களின் மேல் போட்டுப் பார்த்த முதல் சிலரில் வைகர்ட்டும் ஒருவர். எர்லிக்குக்கு அந்தப் பித்து அங்கிருந்து தொற்றியது.

பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃப்ரைபர்க், லைப்ஜிக் என்று பல இடங்களில் மருத்துவம் படித்தார். பாடத்திட்டத்தில் பெரிய அக்கறை இல்லை. எல்லோருக்கும் சாயம் என்பது படத்தை அழகாக்கும் பொருள். இவருக்கு அது ஒரு கேள்வி: ஒரு சாயம் ஏன் இந்த செல்லில் ஒட்டுகிறது, பக்கத்து செல்லில் ஏன் ஒட்டுவதில்லை? ஒட்டுகிறது என்றால் அங்கே ரசாயனப் பொருத்தம் ஏதோ இருக்க வேண்டும் இல்லையா? 1878-ல் லைப்ஜிக்கில் கொடுத்த முனைவர் ஆய்வேடு முழுக்க இதைப் பற்றித்தான். மாஸ்ட் செல்களை அவர் விவரித்ததும் அதில்தான். இன்று அலர்ஜி வந்து தும்மும்போது ஹிஸ்டமைனைக் கொட்டும் அதே செல்கள்.

அடுத்து பெர்லின் சாரிடே மருத்துவமனை. தலைமை மருத்துவர் ஃப்ரெரிக்ஸ் இவரைத் தன் போக்கில் விட்டுவிட்டார். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெலிதாகத் தேய்த்து, சூடாக்கி உலர்த்தி, அமிலச் சாயம், காரச் சாயம், இரண்டும் கலந்த நடுநிலைச் சாயம் என்று மாற்றி மாற்றிப் பூசினார். அதுவரை வெறும் வெள்ளை அணுக்களாக இருந்தவை வகை வகையாகப் பிரிந்தன. இயோசின் சாயத்தை விரும்பியவை இயோசினோஃபில், நடுநிலைச் சாயத்தை ஏற்றவை நியூட்ரோஃபில், காரச் சாயத்தை எடுத்துக்கொண்டவை பேசோஃபில்.

ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். டிஃபரன்ஷியல் கவுன்ட் என்ற இடத்தில் இந்தப் பெயர்கள் சதவீதத்தோடு வரிசையாக நிற்கும். சுமார் 145 வருடங்களாக அந்தப் பெயர்கள் மாறவில்லை. இன்னொன்று: இயோசின் தயாரிக்கப்படுவது ஃப்ளோரசின் என்ற சாயத்தில் இருந்து. அந்த ஃப்ளோரசினின் இன்னொரு வடிவத்தைத்தான் இன்றும் லேப் ஆன்டிபாடிகளில் ஒட்டி ஒளிர வைக்கிறார்கள்.

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தபோது எர்லிக் அந்த அறையில் இருந்தார். கோக்கின் சாயமேற்றும் முறை மெதுவானது, கடினமானது. சில வாரங்களுக்குள் எர்லிக் அதைவிடச் சுலபமான வழி ஒன்றைச் சொன்னார். காசநோய்க் கிருமி ஒருமுறை சாயத்தைப் பிடித்துக்கொண்டால் அமிலம் ஊற்றிக் கழுவினாலும் விடாது. மற்ற கிருமிகள் விட்டுவிடும். நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் சளி டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஏஎஃப்பி என்று எழுதுகிறார்களே, அந்த அமிலத்துக்கு அசையாத குணம்தான் அது. சீல், நீல்சன் என்ற இருவர் பிறகு மெருகேற்றிய முறை இது.

சில வருடங்களில் எர்லிக்குக்கே காசநோய் வந்தது. தன் சளியிலேயே கிருமியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்கிறார்கள். 1888-ல் மனைவி ஹெட்விக்கோடு எகிப்தின் வறண்ட காற்றைத் தேடிப் போனார். உடம்பு தேறித் திரும்பியபோது சாரிடேயில் வேலை இல்லை. ஃப்ரெரிக்ஸ் ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தார். மதம் மாறிய யூதர்களுக்குச் சற்றே திறந்த பல்கலைக்கழகக் கதவுகள், மாறாத எர்லிக்குக்குத் திறக்கவில்லை. பெர்லினில் சொந்தமாக ஒரு சின்ன லேப் வைத்துக்கொண்டார்.

குன்றிமணியும் எலிகளும்

அந்த லேபில் அவர் எடுத்துக்கொண்ட பொருட்கள் நமக்கு நல்ல பழக்கம். ஒன்று ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின். இன்னொன்று குன்றிமணியில் இருக்கும் அப்ரின். இரண்டும் கொடிய விஷங்கள். பொற்கொல்லர்கள் எடைக்கல்லாக வைத்திருந்த அந்தச் சிவப்பும் கறுப்புமான குட்டி விதையேதான்.

எலிகளுக்கு உணவில் கலந்து, முதலில் மிக மிகக் கொஞ்சமாக ரிசின் கொடுத்தார். நாள் போகப் போக அளவைக் கூட்டினார். சில வாரங்களில், சாதாரண எலியைக் கொல்லும் அளவைப் போலப் பல மடங்கைத் தின்றுவிட்டு இந்த எலிகள் ஓடித் திரிந்தன. ஆனால் அதே எலிக்கு அப்ரின் கொடுத்தால்? செத்துப்போனது. ரிசினுக்குக் கிடைத்த பாதுகாப்பு அப்ரினுக்கு உதவவில்லை. அப்ரினுக்குப் பழக்கிய எலிக்கு ரிசினிலும் இதே கதி. உடம்பு பொதுவாக வலுவாகவில்லை, குறிப்பிட்ட ஒரு விஷத்துக்குக் குறிப்பிட்ட ஒரு எதிர்ப்பொருளைத் தயாரித்திருக்கிறது என்று அர்த்தம். 1891-ல் இதை எழுதும்போதுதான் ஆன்டிகோர்ப்பர், அதாவது ஆன்டிபாடி என்ற சொல் வருகிறது.

அடுத்த வருடம் குட்டிகளை மாற்றி வைத்துப் பார்த்தார். பாதுகாப்புப் பெற்ற தாயின் குட்டியைச் சாதாரண எலியிடமும், சாதாரண எலியின் குட்டியைப் பாதுகாப்புப் பெற்ற எலியிடமும் பால் குடிக்க விட்டார். தாயின் பாதுகாப்பு கருவிலும் தாய்ப்பாலிலும் குட்டிக்குப் போகிறது. அப்பா எலியிடம் இருந்து வருவதில்லை. கடனாக வந்த அந்தப் பாதுகாப்பு கொஞ்ச காலமே நிற்கிறது. எவ்வளவு சுத்தமான சோதனை வடிவமைப்பு!

அளவுகோல் தேய்ந்துபோனால் என்ன செய்வது?

இப்போது நான் சொன்ன இடத்துக்கு வருகிறோம்.

டிப்தீரியா, தமிழில் தொண்டை அடைப்பான், அன்றைய ஐரோப்பாவில் ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகளை மூச்சுத் திணறடித்துக் கொன்ற நோய். 1890-ல் எமில் பேரிங்கும் ஜப்பானியரான கிடசாடோவும், விஷத்துக்குப் பழக்கிய விலங்கின் ரத்த சீரம் இன்னொரு விலங்கைக் காப்பாற்றும் என்று காட்டினார்கள். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் ஆஸ்பத்திரியில் நிலைமை வேறு. ஒரு பேட்ச் சீரம் குழந்தையைக் காப்பாற்றும், அடுத்த பேட்ச் ஒன்றும் செய்யாது. ஏனென்றால் பாட்டிலுக்குள் எவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கோக்கின் நிறுவனத்தில் சேர்ந்திருந்த எர்லிக், எலிகளிடம் கற்ற வித்தையைப் பெரிய விலங்குகளில் பயன்படுத்தினார். விஷத்தின் அளவைக் கணக்காகக் கூட்டி வீரியமான சீரத்தை எடுத்துக் காட்டினார். 1894-ல் பெர்லின் மருத்துவமனைகளில் 220 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் தொடங்கிய முதல் ஓரிரு நாட்களில் ஊசி போட்ட குழந்தைகளில் பெரும்பாலானோர் பிழைத்தார்கள். தாமதமானவர்களுக்குப் பலன் குறைவு.

சரி, வீரியத்தை அளப்பது எப்படி? முதலில் இருந்த வழி இது: 250 கிராம் எடையுள்ள ஒரு கினிப் பன்றியைக் கொல்லும் விஷத்தின் குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடி. அதைப்போல 100 மடங்கு விஷத்தை எவ்வளவு சீரம் முறியடிக்கிறது என்று பார். அதுதான் ஒரு யூனிட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் விஷமே மாறிக்கொண்டிருந்தது. பாட்டிலில் வைத்த டிப்தீரியா விஷம் சில வாரங்களில் கொல்லும் சக்தியை இழக்கிறது. ஆனால் ஆன்டிபாடியோடு ஒட்டும் சக்தியை இழக்கவில்லை. அதாவது, 100 மடங்கு என்று நினைத்து நீங்கள் ஊற்றுவது இன்று ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று. ஸ்கேலே சுருங்கிக்கொண்டிருந்தால் அளந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? சர்வேயின் நடுவில் கேள்வியை மாற்றிவிட்டு இரண்டு வருட டேட்டாவை ஒப்பிடுவது மாதிரி.

1897-ல் எர்லிக் சொன்ன தீர்வு எளிமையானது: அளவுகோலை மாற்று. நிலையில்லாத விஷத்தை விட்டுவிட்டு, ஆன்டிபாடியையே அளவுகோலாக வை. ஒரு நல்ல சீரத்தை உலர்த்திப் பொடியாக்கி, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, வெளிச்சம் படாமல் குளிரில் வைத்தார். அது கெடவில்லை. புதிய விஷம் ஒவ்வொன்றையும் அந்தப் பொடியோடு ஒப்பிட்டு அளந்து, அந்த விஷத்தால் புதிய சீரத்தை அளந்தார்கள். ஸ்டேண்டர்டு எங்கேயும் போகாது, பெர்லினில் குழாய்க்குள் இருக்கும். 1922-ல் டிப்தீரியா சீரத்துக்கு சர்வதேச யூனிட் வந்தபோது அடிப்படையாக எடுத்துக்கொண்டது எர்லிக்கின் யூனிட்டைத்தான். இன்று இன்சுலின் பாட்டிலிலும் வைட்டமின் டி அட்டையிலும் ஐயு என்று பார்க்கிறோமே, அந்த யோசனையின் வேர் இங்கே இருக்கிறது.

தரம் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் நடந்தது. 1901-ல் செயின்ட் லூயிஸ் நகரில், டெட்டனஸ் பிடித்த ஒரு குதிரையில் இருந்து எடுத்த டிப்தீரியா சீரத்தை, சோதிக்காமலே விநியோகித்தார்கள். 13 குழந்தைகள் இறந்தன. அதன் பிறகே அங்கே இதற்கென்று சட்டம் வந்தது. ஜெர்மனியிலோ 1896-லேயே பெர்லினின் ஸ்டெக்லிட்ஸ் பகுதியில் சீரம் சோதனைக்கென அரசு நிறுவனம் தொடங்கி, எர்லிக்கை இயக்குநராக்கியிருந்தார்கள்.

அந்தப் பதவிக்கு ஒரு விலை இருந்தது. சீரம் விற்பனையில் ஹெக்ஸ்ட் கம்பெனியின் லாபத்தில் எர்லிக்குக்கு ஒரு பங்கு உண்டு. அரசு நிறுவனத்துக்குத் தலைவராகப் போகிறவர் அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வந்தபோது விட்டுக்கொடுத்தார். பேரிங் பணக்காரரானார், 1901-ல் முதல் மருத்துவ நோபலும் அவருக்கே. தான் ஏமாற்றப்பட்டதாக எர்லிக் கடைசி வரை நினைத்தார். பேரிங்கின் கண்டுபிடிப்பு பேரிங்கினுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எர்லிக்கின் அளவு இல்லாமல் அது நம்பி விற்கக்கூடிய மருந்தாகி இருக்காது என்பதும் உண்மை.

ரிசப்டர் என்ற யோசனை

கொல்லும் சக்தி போன பிறகும் ஒட்டும் சக்தி மிஞ்சும் விஷத்துக்கு டாக்ஸாய்ட் என்று பெயர் வைத்தார் எர்லிக். அடிபட்டால் போடும் டிடி ஊசியின் இரண்டாவது டி அதுதான்: டெட்டனஸ் டாக்ஸாய்ட். விஷத்துக்கு இரண்டு தனித்தனி பாகங்கள் இருக்க வேண்டும் என்று இதிலிருந்து ஊகித்தார். ஒன்று ஒட்டுவதற்கு, மற்றது கொல்வதற்கு.

அப்படியென்றால் செல்லிலும் ஒட்டுவதற்கான இடம் வேண்டும். அவர் சொன்ன கதை இப்படிப் போகிறது. செல்லின் மேல் உணவைப் பிடிக்க நிறைய பக்கச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. விஷம் தற்செயலாக அதில் ஒன்றில் பொருந்திவிடுகிறது. அடைபட்ட சங்கிலிக்குப் பதிலாக செல் புதிதாகச் செய்கிறது, தேவைக்கும் அதிகமாகச் செய்கிறது. மிஞ்சியவை கழன்று ரத்தத்தில் மிதக்கின்றன. மிதப்பவைதான் ஆன்டிபாடி. 1900-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் குழந்தைகள் புத்தகம் மாதிரியான படங்களோடு இதை விளக்கினார். அந்தச் சமயத்தில்தான் சங்கிலி என்பது ரிசப்டர் ஆனது.

எல்லோரும் ஏற்கவில்லை. இயற்கையிலேயே இல்லாத செயற்கை ரசாயனங்களுக்கும் உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கிறது என்று லான்ட்ஸ்டைனர் காட்டியதும், அத்தனைக்கும் முன்கூட்டியே சங்கிலி இருக்குமா என்று கேட்டு இந்தக் கொள்கையை ஒதுக்கிவைத்தார்கள். 1950-களின் கடைசியில் பர்னெட்டின் கொள்கை வந்தபோது பழைய யோசனை வேறு உருவில் திரும்பியது. எல்லா செல்லிலும் எல்லா ரிசப்டரும் இல்லை. ஒரு பி செல்லுக்கு ஒரே வகை ரிசப்டர், பொருந்தியது மட்டும் பெருகுகிறது, அதே ரிசப்டரைத்தான் ஆன்டிபாடியாக வெளியே அனுப்புகிறது. ரிசப்டர் கழன்று ரத்தத்தில் மிதக்கும் என்ற பகுதியும் எதிர்பாராத இடத்தில் உண்மையானது. டி செல்கள் தூண்டப்படும்போது இன்டர்லூகின்-2 ரிசப்டரின் சிடி25 பகுதி உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. சில தீவிர நோய்களில் அதன் அளவை இன்று டெஸ்ட் எடுக்கிறார்கள்.

எர்லிக் தவறு செய்த இடமும் உண்டு. உடம்பு தன்னைத்தானே தாக்குவதைத் தவிர்க்கும் என்று 1900-களின் தொடக்கத்தில் வலுவாகச் சொன்னார். அவர் பெயரின் கனம் காரணமாக, ஆட்டோஇம்யூன் நோய்கள் உண்டு என்பதை ஏற்கவே மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் தயங்கியது. அவர் சொன்னதில் பாதி மட்டும் சரி. தாக்குதலைத் தடுக்க உடம்பில் ஒரு காவல் இருக்கிறது, ஆனால் அது தவறவும் செய்யும். அந்தக் காவல் செல்களை 1995-ல் ஷிமோன் சகாகுச்சி தனியாகப் பிரித்துக் காட்டியது சிடி25-ஐ அடையாளமாக வைத்து. அந்த வழியில் வந்த வேலைக்குத்தான் 2025 மருத்துவ நோபல்.

எர்லிக்குக்கு நோபல் வந்தது 1908-ல், மெக்னிகாஃபோடு பங்கு.

606

இந்தப் பகுதி பலருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1899-ல் எர்லிக்கின் நிறுவனம் பிராங்பர்ட்டுக்கு மாறியது. 1906-ல் ஃப்ரான்சிஸ்கா ஸ்பையர் என்ற செல்வந்தப் பெண்மணி, இறந்த கணவர் நினைவாகப் பக்கத்திலேயே இன்னொரு ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தார். சாயம் குறிப்பிட்ட செல்லில் மட்டும் ஒட்டும் என்றால், விஷத்தையும் கிருமியில் மட்டும் ஒட்டவைக்கலாமே என்பது கணக்கு. ஆர்சனிக் சேர்மங்களை வரிசையாகச் செய்து, எண் போட்டு, சோதித்தார்கள். 606-வது சேர்மம் 1907-லேயே தயார், ஆனால் முதல் சோதனையில் பயனற்றது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 1909-ல் ஜப்பானில் இருந்து வந்த சஹாசிரோ ஹட்டா பழைய சேர்மங்களை மறுபடி சிபிலிஸ் முயல்களில் போட்டுப் பார்த்தபோது 606 வேலை செய்தது. 1910-ல் சல்வர்சான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் சுமார் 65,000 டோஸ்களை மருத்துவர்களுக்கு இலவசமாக அனுப்பி முடிவுகளைக் கேட்டு வாங்கினார் எர்லிக்.

மருந்து காற்றுப் பட்டால் கெடும், கரைப்பது கடினம், தவறாகப் போட்டால் கை கால் போகும், உயிரும் போகும். ஆரம்பச் சோதனைகளில் மனநல மருத்துவமனை நோயாளிகளும் இருந்தார்கள். இன்றைய ஒப்புதல் விதிகளின்படி அது நடந்திருக்க முடியாது. எதிர்ப்பும் கடுமையாக வந்தது. சிலருக்கு மருந்தின் பக்கவிளைவு பிரச்சினை, சிலருக்கு எர்லிக் யூதர் என்பது பிரச்சினை. பாலியல் தொழிலாளிகளுக்குக் கட்டாயமாக ஊசி போட்டார்கள் என்று எழுதிய ஒரு பத்திரிகையாளர் மேல் 1914-ல் பிராங்பர்ட்டில் வழக்கு நடந்தது. எர்லிக் சாட்சி சொல்லப் போனார். பத்திரிகையாளருக்குச் சிறை.

அதே 1914-ல்தான் புதிதாகத் தொடங்கிய பிராங்பர்ட் பல்கலைக்கழகம் அவரை முழுப் பேராசிரியராக்கியது. வயது 60. அதே வருடம், பெல்ஜியத்தில் ஜெர்மன் படை செய்ததை மறுத்து 93 ஜெர்மன் அறிவாளிகள் வெளியிட்ட அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருந்தது. நாளுக்கு 25 சுருட்டு பிடிப்பவர், சாப்பாட்டை மறப்பவர். அந்த டிசம்பரில் முதல் பக்கவாதம். 1915 ஆகஸ்ட் 20 அன்று பாட் ஹோம்பர்க்கில் இரண்டாவது பக்கவாதத்தில் இறந்தார்.

பெயரை அழித்தவர்கள்

நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் பிராங்பர்ட்டில் இருந்த பால் எர்லிக் தெருவின் பெயர்ப் பலகை இறங்கியது. அந்தக் காலத்தில் ஜெர்மன் குழந்தைகளுக்கு டிப்தீரியா சீரம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், எர்லிக்கின் யூனிட்டில் அளந்து. மனைவி ஹெட்விக் வயதான காலத்தில் முதலில் ஸ்விட்சர்லாந்துக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் தப்பிப் போக வேண்டியிருந்தது. 1948-ல் அங்கேயே இறந்தார்.

போருக்குப் பிறகு தெருப்பெயர் திரும்பியது. அவர் தொடங்கிய சீரம் சோதனை நிறுவனம் 1947-ல் அவர் பெயரை எடுத்துக்கொண்டது. கடைசியாக வந்த 200 ஜெர்மன் மார்க் நோட்டில் ஒரு பக்கம் எர்லிக்கின் முகம், மறுபக்கம் ஒரு மைக்ராஸ்கோப். 2002-ல் யூரோ வந்ததும் அந்த நோட்டு புழக்கத்தில் இருந்து போய்விட்டது. நிறுவனம் இப்போது பிராங்பர்ட்டுக்குப் பக்கத்தில் லாங்கன் என்ற ஊரில் இருக்கிறது. ஜெர்மனியில் தடுப்பூசியோ ஆன்டிபாடி மருந்தோ விற்பனைக்கு வர அதன் மேற்பார்வை வேண்டும்.